நுவொலாரி: பைக் ஓட்டிய பத்து வருஷம் வெறும் முன்னுரையா?

பிப்ரவரி 9, காலை 7.50 (கேள்வி)

இத்தாலியக் கார் பந்தய வீரர் டாட்சியோ நுவொலாரியைப் பற்றி எங்கே படித்தாலும் 1935-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அவர் ஜெயித்த பந்தயத்தில் ஆரம்பித்து அங்கேயே முடிக்கிறார்கள். அதற்கு முன் பைக் ஓட்டினார் என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அந்த ஒரு வரியே போதும் என்பது என் கட்சி. கார் வாங்கக் காசு இல்லை, பைக் ஓட்டினார். காசு வந்தது, பைக்கை விட்டார். அதற்குள் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மறுப்பவர்கள் வரலாம்.

பிப்ரவரி 9, இரவு 10.15

வந்துவிட்டேன். காசு இல்லாததால் பைக் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. காசு வந்ததும் விட்டார் என்பது கணக்கிலேயே உதைக்கிறது.

பிறந்தது 1892 நவம்பர் 16, மான்டுவாவுக்குப் பக்கத்தில் காஸ்டெல் தாரியோ. முதல் பைக் பந்தயம் 1920 ஜூன் 20, கிரெமோனாவில். வயது 27. பந்தயத்தை முடிக்கவில்லை. மறு வருஷமே வெரோனாவில் அன்சால்டோ காரில் ஒரு கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தார். ஆக, காரும் பைக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஆரம்பம். 1927-ல் சொத்தை விற்று புகாட்டி வாங்கினார். காசும் வந்தாயிற்று, காரும் வந்தாயிற்று. ஆனால் அதே 1927-லும் அடுத்த 1928-லும் மோன்சாவில் நாடுகளின் கிராண்ட் ப்ரீ பைக் பந்தயத்தில் 350 சிசி பிரிவை ஜெயித்தவர் யார்? இதே ஆள்தான், பியாங்கி வண்டியில். 1925 தொடங்கி வரிசையாக நான்கு வருஷம். 1928 மார்ச்சில் திரிபோலியில் புகாட்டியில் முதலிடம், அதே சீசனில் பைக்கிலும் முதலிடம்.

பைக்கை ஓரம் கட்டியது 1930 முடிந்த பிறகு. இனி கார் மட்டும் என்று ஆனபோது வயது 38. இன்றைக்கு அந்த வயதில் பாதிப் பேர் மைக் பிடித்து வர்ணனை சொல்லப் போய்விடுகிறார்கள்.

பிப்ரவரி 10, காலை 6.30

நேற்றிரவு ஒருவர் "அவர் ஜவுளி ஆலைக் குடும்பத்துப் பையன், பணக்காரர்" என்று எழுதியிருக்கிறார். அது நுவொலாரியின் போட்டியாளர் அக்கீலே வார்ட்சி. நோவாரா பக்கம் கல்லியாத்தே, 1904-ல் பிறந்தவர். நுவொலாரி வீட்டில் இருந்தது நிலமும் சைக்கிளும். அப்பா அர்த்தூரோ சைக்கிள் பந்தயக்காரர். சித்தப்பா ஜுசெப்பே அதைவிடப் பெரிய பந்தயக்காரர், தேசிய சாம்பியன், பியாங்கி வண்டிகளை விற்றவரும்கூட. பையனை முதலில் பைக்கில் ஏற்றியவர் அவர்தான். பின்னாளில் அதே பியாங்கி கம்பெனிக்கே பையன் ஓட்டப் போனான்.

பிப்ரவரி 12, இரவு 11.05

1925 மோன்சாவைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பைக் காலம், கார் காலம் என்று கோடு கிழிக்கிறவர்களுக்கு அந்த செப்டம்பர் மாதம் ஒன்றே போதும்.

ஜூலை 26-ம் தேதி பாரிஸுக்குப் பக்கத்தில் மோன்லெரியில் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ. ஆல்ஃபா ரோமியோவின் அந்தோனியோ அஸ்காரி முன்னணியில் போய்க்கொண்டிருக்கும்போதே விபத்தில் இறந்தார். அந்த இடத்துக்கு ஆள் தேடிய ஆல்ஃபா, செப்டம்பர் 1-ம் தேதி மோன்சாவில் நுவொலாரியை பி2 காரில் ஏற்றிப் பார்த்தது. நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட வேகம். திடீரென்று கியர்பாக்ஸ் இறுகிவிட்டது. கார் தடத்தை விட்டுப் பறந்தது, முதுகு கிழிந்து ஆஸ்பத்திரி. ஆல்ஃபா வேலை கைநழுவியது.

செப்டம்பர் 13, அதே மோன்சாவில் பைக் பந்தயம். பைக்கில் குனிந்து உட்காரும் கோலத்திலேயே உடம்பை வைத்துக் கட்டுப் போடச் சொன்னார். மெக்கானிக்குகள் தூக்கி சீட்டில் உட்கார வைத்துத் தள்ளிவிட்டார்கள். ஜெயித்தார். அந்த வருஷத்து 350 சிசி ஐரோப்பிய சாம்பியன் பட்டமும் அதோடு வந்தது.

இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். ஒருமுறை மண் ரோட்டில் விழுந்து விலா எலும்பில் விரிசல் விட்டு நெஞ்சைச் சுற்றிக் கட்டோடு திரிந்தவன் நான். நம்மை நேராக நிற்க வைத்துத்தான் கட்டுவார்கள். அப்புறம் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கக் குனிந்தால் கட்டின் விளிம்பு அக்குளுக்குக் கீழே அறுக்கும், மூச்சு பாதியில் நிற்கும், கிளட்சை அழுத்தினால்கூட விலாவில் சுரீர் என்று தெரியும். குனிந்த கோலத்திலேயே கட்டு என்று சொல்ல ஒரு சாமானிய நோயாளிக்குத் தோன்றாது. தினமும் வண்டியின் வடிவத்துக்குள் உடம்பை மடித்து வைத்துப் பழகியவனுக்குத்தான் தோன்றும். அதனால்தான் நம்புகிறேன்.

பிப்ரவரி 12, இரவு 11.40

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். பியாங்கி 350, மாரியோ பால்தி வடிவமைத்தது. ஒற்றை சிலிண்டர், சிலிண்டர் தலையில் இரண்டு கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு). 1920-களின் நடுவில் அது சாதாரண சமாசாரம் கிடையாது. பியாங்கியின் அந்த வெளிர்நீல வண்ணத்தால் 'நீல அம்பு' என்று பெயர். மோன்சாவில் 500 சிசி வண்டிகளோடு ஓடினாலும் வெட்கப்படாத 350.

பிப்ரவரி 14, மதியம் 2.20

"பைக்கில் கற்றது காருக்கு எப்படி உதவும்? ஒன்று சாயும், ஒன்று சாயாது" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி.

முதலில் ரோடு. அந்தக் காலத்து இத்தாலியில் தார் அபூர்வம். வெள்ளைப் புழுதி, உருட்டிவிட்ட ஜல்லி, மழை பெய்தால் சேறு. கோமோ ஏரிப் பக்கம் லாரியோ சுற்று என்று ஒன்று இருந்தது. கிசாலோ ஏற்றம், இறக்கம், மூச்சு விடாத வளைவுகள். வருஷா வருஷம் அங்கே நுவொலாரியும் பியாங்கியும் வந்து ஜெயித்துவிட்டுப் போவார்கள். பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி, பேருக்கு ஒரு பிரேக், கையால் மாற்றும் கியர். அப்படி ஒரு வண்டியை ஜல்லியில் வேகமாக வளைக்க ஒரே வழி, பின்சக்கரத்தை வழுக்க விடுவது.

மண்ணில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பின்பக்கம் வழுக்க ஆரம்பித்ததும் பயந்துபோய் ஆக்சிலரேட்டரைப் பட்டென்று மூடினால்தான் ஆபத்து. டயருக்குத் திடீரென்று பிடிப்பு கிடைத்து வண்டி நிமிர்ந்து நம்மை மறுபக்கம் தூக்கி எறியும். திறந்தே வைத்திருந்தால் வழுக்கிக்கொண்டே வளைவைக் கடந்துவிடலாம். மூளைக்கு இது புரிய ஒரு நிமிடம், வலது மணிக்கட்டுக்குப் புரிய வருஷக்கணக்கு. எனக்கு இன்றும் முழுசாகப் புரியவில்லை, விலா எலும்பே சாட்சி.

இப்போது காருக்கு வருவோம். 1931 ஆகஸ்டில் த்ரே ப்ரொவின்சே பந்தயம். என்ட்சோ ஃபெராரி அப்போது தன் அணியை நடத்திக்கொண்டே தானும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒத்திகையில் நுவொலாரி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். முதல் வளைவிலேயே இந்த ஆள் ரொம்ப முன்னதாகத் திருப்பிவிட்டார், பள்ளத்தில்தான் விழப்போகிறோம் என்று உடம்பை இறுக்கிக்கொண்டாராம். கார் வளைவிலிருந்து வெளியே வரும்போது மூக்கு சரியாக நேர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் நுவொலாரி முகத்தில் சலனமே இல்லை. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு, அதே கதை. அப்புறம்தான் பிடிபட்டிருக்கிறது: வளைவுக்கு முன்பே காரின் மூக்கை உள்பக்கம் திருப்பிவிட்டு, சரியான கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல், நான்கு சக்கரத்தையும் சேர்த்து வழுக்க விடுகிறார். சறுக்கலே ஸ்டியரிங் வேலையைச் செய்துவிடுகிறது.

பைக்கில் ஒரு சக்கரம், காரில் நான்கு. ஆக்சிலரேட்டரை மூடாதே என்ற பாடம் ஒன்றுதான்.

பிப்ரவரி 14, மாலை 6.10

ஃபெராரி சொல்லும் இன்னொரு கதை, சிரிப்புக்காக. 1932 தார்கா ஃப்ளோரியோ. சிசிலி மலைப்பாதை. தன்னைவிடக் கனமில்லாத மெக்கானிக் வேண்டும் என்று நுவொலாரி கேட்க, ஃபெராரி கொடுத்தது பாரிதே மம்பெல்லி என்ற பொடியன். ஆபத்தான வளைவு வந்தால் கத்துவேன், உடனே குனிந்து பதுங்கிக்கொள் என்று நுவொலாரி சொல்லிவைத்தாராம். பந்தயம் முடிந்து, ஜெயித்தும் ஆயிற்று. எப்படி இருந்தது என்று ஃபெராரி கேட்டார். முதல் வளைவில் கத்த ஆரம்பித்தவர் கடைசி வளைவில்தான் நிறுத்தினார், பந்தயம் முழுக்க நான் கீழேதான் கிடந்தேன் என்றானாம் பையன். ஃபெராரி கதை சொல்வதில் கெட்டிக்காரர், உப்பு மிளகாய் கொஞ்சம் கூடவே இருக்கும். ஆனாலும் அந்த வருஷம் தார்கா ஃப்ளோரியோவை நுவொலாரி ஜெயித்தது நிஜம். 1931-லும் அவர்தான்.

பிப்ரவரி 15, இரவு 9.30

நான் எதிர்பார்த்த அடி விழுந்துவிட்டது. "வார்ட்சியும் பைக்காரர்தானே? அவர் ஏன் வழுக்கவில்லை?"

ஆமாம். வார்ட்சி கரெல்லி, சன்பீம் என்று ஓட்டியவர், ஐல் ஆஃப் மேன் தீவின் புகழ்பெற்ற பைக் பந்தயமான டிடிக்குப் போய் வந்தவர். அதே இத்தாலிய ரோடு, அதே புழுதி. கார் ஓட்டும்போது ஆள் நேர் எதிர். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கோடு, ஸ்டியரிங்கில் தேவைக்கு மேல் ஒரு அசைவு இல்லை, சட்டைகூடக் கசங்காது. 1928-ல் நுவொலாரியின் புகாட்டி அணியில் சேர்ந்து ஓட்டினார். ஒரே உறையில் இரண்டு கத்தி எத்தனை நாள் இருக்கும்? பிரிந்து போய் ஆல்ஃபா பி2 வாங்கினார். அந்த வருஷம் மோன்சாவில் இத்தாலிய கிராண்ட் ப்ரீயில் வார்ட்சி இரண்டாமிடம், நுவொலாரி மூன்றாமிடம். முதலிடம் லூயி ஷிரோன்.

எனவே வழுக்கும் பாணி பைக்கிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நிற்காது. வேறெதையோ சேர்த்துச் சொல்ல வேண்டும். யோசித்துவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 16, காலை 5.45

தூக்கம் வரவில்லை. இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்து நெடுஞ்சாலைப் பந்தயக் காரில் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருப்பார். எரிபொருள் அழுத்தம் பார்ப்பது, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது, டயர் கழற்றுவது எல்லாம் அவர் வேலை. பைக்கில் யாரும் இல்லை. செயின் தளர்ந்தால் நீ, பிளக் அடைத்தால் நீ, விழுந்தால் தூக்கி நிறுத்துவதும் நீ. வண்டியில் ஏதோ சரியில்லை என்பது காதுக்கு முன்னால் தொடைக்குத் தெரியும். உடைந்த வண்டியை உடைந்தபடியே ஓட்டி முடிக்கிற பழக்கம் அங்கே வருகிறது.

இதில் வார்ட்சியும் நுவொலாரியும் ஒரே பள்ளிக்கூடம். 1930 தார்கா ஃப்ளோரியோவில் வார்ட்சியின் பி2-வில் பெட்ரோல் கசிந்து பின்பக்கம் தீப்பிடித்தது. மெக்கானிக் தபாக்கி சீட் மெத்தையை உருவி அடித்து அணைத்துக்கொண்டிருந்தார், வார்ட்சி வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஜெயித்தார். சட்டை கசங்காத மனிதர் செய்த காரியம் இது.

பிப்ரவரி 17, மதியம் 1.00

ஹெட்லைட் கதையைக் கொண்டுவராமல் விடமாட்டார்கள் என்று தெரியும். 1930 மில்லே மிலியா. பிரெஷியாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் 1,600 கிலோமீட்டர் போல. முன்னால் வார்ட்சி, பின்னால் நுவொலாரி. இருட்டில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு வார்ட்சிக்குத் தெரியாமல் நெருங்கி, பக்கத்தில் வந்ததும் விளக்கைப் போட்டு, சிரித்துக்கொண்டே முந்தினார் என்பது கதை.

முதல் விஷயம், மில்லே மிலியாவில் கார்களை இடைவெளி விட்டுக் கிளப்புவார்கள். நுவொலாரி கிளம்பியது வார்ட்சிக்குப் பத்து நிமிடம் கழித்து. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்றாலே கடிகாரப்படி பத்து நிமிடம் முன்னால் இருக்கிறார். ரோட்டில் முந்தவே வேண்டியதில்லை. முந்தினால் அது கோப்பைக்காக இல்லை, வார்ட்சியை வெறுப்பேற்ற.

இரண்டாவது, அணைத்தது உண்மையா? பக்கத்தில் இருந்தவர் பத்திஸ்தா குய்தோத்தி. பின்னாளில் சொன்னபோது அவரும் அணைத்தோம் என்றே சொன்னார், ஆனால் விடிகிற நேரம். கதை சொல்லிகள் விடியலை எடுத்துவிட்டு நள்ளிரவைப் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு ஒருமுறை மலைப்பாதையில் ஹெட்லைட் செத்துப்போய், முன்னால் போன லாரியின் டெயில் லைட்டைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டியிருந்தது. முன்னால் போகிறவன் விளக்கு வளைவைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் ரோட்டில் என்ன கிடக்கிறது என்று காட்டாது. நான் போனது இருபது முப்பது வேகம். குழி எல்லாவற்றையும் இடுப்பால்தான் பார்த்தேன். அதையே நூறுக்கு மேல், நள்ளிரவில், நீண்ட நேரம் செய்தார் என்றால் நம்ப மாட்டேன். விடியற்காலையில், சில நிமிடம், விஷமத்துக்கு என்றால் தாராளமாக நம்புவேன்.

அந்தப் பந்தயத்தில் அவர் சராசரி 100 கிலோமீட்டரைத் தாண்டியது, மில்லே மிலியாவில் முதல்முறை. விளக்குக் கதையின் வெளிச்சத்தில் இந்தச் சாதனை மறைந்துபோனதுதான் வருத்தம்.

பிப்ரவரி 20, இரவு 10.50

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று, ஆட்டோ யூனியன்.

1934-லிருந்து வந்த அந்த ஜெர்மன் பந்தயக் கார்களில் இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால். முதலில் 16 சிலிண்டர், 1938 முதல் 12. ஓட்டுநர் மூக்கோரம் உட்கார்ந்திருப்பார். பின்பக்கம் வழுக்க ஆரம்பிப்பது அவர் இடுப்புக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும், வரும்போது காரியம் முற்றியிருக்கும். முன்பக்க இன்ஜினில் ஊறிய பலர் திணறினார்கள்.

அதில் தேறியவர்களைப் பாருங்கள். பெர்ன்ட் ரோஸ்மேயர்: என்எஸ்யு, டிகேடபிள்யூ பைக் ஓட்டியவர். 1935-ல் கார் பந்தய அனுபவமே இல்லாமல் நேராக இதில் ஏறி, அதே வருஷம் பிர்னோவில் ஜெயித்து, 1936-ல் ஐரோப்பிய சாம்பியன். வார்ட்சி: 1935-ல் சேர்ந்தார், துனிஸில் ஜெயித்தார். 1938 ஜனவரியில் ரோஸ்மேயர் வேகச் சாதனை ஓட்டத்தில் இறந்த பிறகு அதே வருஷம் அழைத்தது நுவொலாரியை. 45 வயதில் பின்பக்க இன்ஜின் காரில் ஏறி, செப்டம்பரில் மோன்சா, அக்டோபரில் டொனிங்டன் இரண்டையும் ஜெயித்தார். 1939 பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில் ஆட்டோ யூனியனுக்கு முதல் இரண்டு இடம்: எச். பி. முல்லர், கியோர்க் மையர். முல்லர் டிகேடபிள்யூ பைக்காரர், 1955-ல் 250 சிசி உலக சாம்பியன் ஆனவர். மையர் அந்த 1939-லேயே பிஎம்டபிள்யூவில் சீனியர் டிடி ஜெயித்தவர்.

பின்சக்கரம்தான் வண்டி, முன்பக்கம் சும்மா வழிகாட்டி என்று உடம்பில் எழுதியிருப்பவர்களுக்கு அந்தக் கார் புது மிருகமாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 21, காலை 8.05

எனக்கு நானே எதிர்க்கட்சி. ஹான்ஸ் ஷ்டுக் பைக்காரர் இல்லை, மலையேற்றப் பந்தயக்காரர். 1934 ஜெர்மன் கிராண்ட் ப்ரீயை இதே ஆட்டோ யூனியனில்தான் ஜெயித்தார். தவிர, ஆட்டோ யூனியன் என்பதே நான்கு கம்பெனிகள் சேர்ந்தது. அதில் ஒன்று டிகேடபிள்யூ, பெரிய பைக் கம்பெனி. பைக் ஓட்டுநர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள், எடுத்துப் போட்டார்கள். ஆகவே ஆட்களைப் பார்த்து எடுத்தார்களா, கையில் இருந்ததை எடுத்தார்களா என்பதில் பாதிக்குப் பாதி. ஆனால் நுவொலாரியை யாரும் வீட்டுக்குள்ளிருந்து எடுக்கவில்லை.

பிப்ரவரி 21, காலை 8.20

டொனிங்டன் ஒத்திகையில் ஒரு மான் குறுக்கே வந்து அவர் காரில் அடிபட்டது. அதன் தலையைப் பதம் செய்து நினைவுப் பொருளாகக் கொண்டுபோனார். கவிஞர் டி'அனுன்ட்சியோ 1932-ல் கொடுத்த தங்க ஆமை ஏற்கெனவே சட்டையில் இருந்தது, மிக வேகமான மனிதனுக்கு மிக மெதுவான பிராணி என்று. மிருகக்காட்சி சாலை நிறைந்துகொண்டே வந்தது.

பிப்ரவரி 24, இரவு 9.15

சரி, 1935 நூர்பர்க்ரிங். எல்லோருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாக முடிக்கிறேன். ஜூலை 28, 22 சுற்று, ஒரு சுற்று 22 கிலோமீட்டருக்கு மேல். எதிரே மெர்சிடிஸ் ஐந்து, ஆட்டோ யூனியன் நான்கு. இவரிடம் வயதான ஆல்ஃபா பி3. பெட்ரோல் போட நின்றபோது பம்ப் மக்கர் செய்தது, கேன்களால் ஊற்றினார்கள், 2 நிமிடம் 14 விநாடி போனது. வெளியே வரும்போது ஆறாமிடம். கடைசிச் சுற்றில் முன்னால் போன மெர்சிடிஸ் ஓட்டுநர் ஃபான் பிரவுகிட்ஷின் பின்டயர் வெடித்தது, நுவொலாரி ஜெயித்தார்.

"டயர் வெடித்த அதிர்ஷ்டம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டயர் தானாக வெடிக்காது. பின்னால் ஒருவன் விடாமல் துரத்தியதால் பிரவுகிட்ஷ் தேய்ந்த டயரோடு மாற்றாமல் போனார். ஈர ரோட்டில் பலவீனமான காரை வழுக்கிக்கொண்டே ஓட்டி அந்த அழுத்தத்தைக் கொடுத்தவனுக்கு அதில் பங்கு உண்டு. ஆட்டோ யூனியனில் இருந்த வார்ட்சி அன்று எட்டாமிடம். கோடு கச்சிதமாகப் போட ரோடு ஒத்துழைக்காத நாள்.

மார்ச் 1, மதியம் 3.30

உடைந்த வண்டியை ஓட்டி முடிக்கிற பழக்கம் என்று மேலே எழுதியதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். ஒன்றா இரண்டா.

முதலில் அதே த்ரே ப்ரொவின்சே, 1931. ஒரு ரயில்வே கேட் மேட்டில் கார் தூக்கிப் போட்டதில் ஆக்சிலரேட்டர் இணைப்பு உடைந்தது. மெக்கானிக் தெச்சிமோ கொம்பாஞோனி இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கார்புரேட்டர் பக்கம் மாட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்து இழுத்து இழுத்துக் கொடுத்தார். ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒருவரிடம், ஆக்சிலரேட்டர் இன்னொருவரிடம். அப்படியே ஃபெராரியை இரண்டாமிடத்துக்குத் தள்ளி ஜெயித்தார். ஃபெராரி பந்தய ஓட்டுநராக ஓட்டிய கடைசிப் பந்தயம் அது.

1933 மொனாக்கோ. நூறு சுற்றும் வார்ட்சியோடு மாறி மாறி முன்னிலை. கடைசிச் சுற்றில் இவர் கார் புகைந்து தீப்பிடித்தது. இறங்கித் தள்ள ஆரம்பித்தார். வார்ட்சி ஜெயித்தார்.

1934 ஏப்ரலில் அலெசாண்ட்ரியாவில் கால் உடைந்தது. ஐந்து வாரம் கழித்து பெர்லின் ஆவுஸ் பந்தயத்தில் மாவுக்கட்டோடு, மூன்று பெடலையும் இடது காலாலேயே மிதிக்கும்படி மாற்றி வைத்து ஓட்டினார். ஐந்தாமிடம். ஐந்தாமிடத்தை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை, நான் வைத்திருக்கிறேன்.

1946 தூரினில் சிசிதாலியா காரில் ஸ்டியரிங் வீல் கையோடு வந்துவிட்டது. வீலைத் தூக்கி ஆட்டியபடியே பிட்டைக் கடந்தார். 1948 மில்லே மிலியா, வயது 55, ஃபெராரி கார். பானெட் பறந்தது, மட்கார்டு போனது, சீட் ஆட்டம் கண்டது. அத்தனைக்கும் நடுவில் மற்றவர்களைவிட வெகு தூரம் முன்னால் இருந்தார். கடைசியில் ரெஜ்ஜோ எமீலியா பக்கம் வண்டி முழுசாகக் கைவிட்டது.

ரசிகர்கள் இதை வீரம் என்பார்கள். பட்டறையில் உட்காருகிற எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது: வண்டியைக் கருணையில்லாமல் ஓட்டியிருக்கிறார். இத்தனை வண்டி ஒருவருக்கே உடைகிறது என்றால் எல்லாப் பழியையும் போல்ட்டு நட்டு மேல் போட முடியாது.

மார்ச் 3, இரவு 11.20

"அந்த வயதில் ஏன் ஓட்டினார், பணத்தாசையா" என்று கேட்டவருக்கு. இரண்டு மகன்கள். மூத்தவன் ஜோர்ஜோ 1937-ல் இறந்தபோது இவர் அமெரிக்கப் பந்தயத்துக்காகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். இளையவன் அல்பெர்த்தோ 1946-ல். இருவருக்கும் 18 வயது. பெட்ரோல் புகையில் நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

மார்ச் 4, காலை 7.00

கடைசிப் பந்தயத் தேதி கேட்டார்கள்: 1950 ஏப்ரல் 10, பாலெர்மோவில் மோன்தே பெல்லெக்ரீனோ மலையேற்றம், சிசிதாலியா அபார்த். தன் பிரிவில் முதலிடம். இறந்தது 1953 ஆகஸ்ட் 11.

மார்ச் 9, மாலை 5.40

ஹெல்மெட் பற்றி ஒரு கிளை ஓடிக்கொண்டிருக்கிறது. நுவொலாரி கடைசிவரை துணி அல்லது தோல் தொப்பிதான். வார்ட்சி 1948 ஜூலை 1-ம் தேதி சுவிட்சர்லாந்தில் பிரெம்கார்ட்டனில் ஒத்திகையின்போது ஆல்ஃபா கவிழ்ந்து இறந்தபோதும் துணித் தொப்பிதான். வாழ்நாளில் விபத்தே அரிதாகச் செய்த மனிதர், ஈர ரோட்டில், அதிக வேகமில்லாத ஒரு சறுக்கலில். அதன் பிறகுதான் கார் பந்தயத்தில் ஹெல்மெட் கட்டாயமானது. பைக்காரர்கள் அதற்கு வெகு முன்பே போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் இருவருமே காருக்குக் கொண்டுபோகவில்லை.

மார்ச் 15, இரவு 10.00

பியெரோ தாருஃபியை ஏன் விட்டீர்கள் என்று மூன்று பேர் கேட்டாயிற்று. விட்டது வேண்டுமென்றே. அவர் இன்ஜினியரிங் படித்தவர், 1930-களில் நார்ட்டன் ஓட்டினார், அப்புறம் கிலெராவின் நான்கு சிலிண்டர் பைக்கில் வேகச் சாதனைகள் செய்தார், 1957-ல் கடைசி மில்லே மிலியாவை ஃபெராரியில் 50 வயதில் ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். நுவொலாரி உடைத்து ஓட்டியவர், தாருஃபி கணக்குப் போட்டு ஓட்டியவர். இங்கே சேர்த்தால் இரண்டு பேருக்கும் நியாயம் நடக்காது. தனி இழை போடுங்கள், வருகிறேன். கிலெரா இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர் யாராவது இருந்தால் அவர்கள் முதலில் எழுதட்டும்.